ஏலகிரி சூரியனுக்குப் பக்கம்தானே, அங்கே ஏன் குளிர்கிறது?

காட்பாடியில் இருந்து ஒரு அப்பா கேட்டிருக்கிறார். எட்டாவது படிக்கும் மகள் ஏலகிரி போய் வந்ததில் இருந்து மூன்று கேள்வி வைத்துத் துளைக்கிறாளாம். மலை உச்சி சூரியனுக்குப் பக்கம்தானே, அங்கே ஏன் குளிர்கிறது? கீழே வேலூரில் மட்டும் ஏன் இந்தக் கொளுத்து கொளுத்துகிறது, எல்லோரும் சொல்வதுபோல் சுற்றியுள்ள பாறை மலைகள்தான் காரணமா? காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தியில் சொன்னால் ஏன் மழை வருகிறது? வகுப்பில் "உயரம் போகப் போக வெப்பநிலை குறையும்" என்று எழுதிப் போட்டார்களாம், ஏன் என்று கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லையாம். கேள்வி மூன்றாக இருந்தாலும் பாப்பா கேட்பது ஒன்றைத்தான். காற்றுக்குச் சூடு எங்கிருந்து வருகிறது, அது எங்கே போகிறது? இது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்ந்துவிடும்.

நான் குடியாத்தம் பக்கம் அரசுப் பள்ளியில் 27 வருடம் புவியியலும் அறிவியலும் நடத்தியவன். வானிலை ஆய்வாளன் இல்லை, நாளைக்கு மழை வருமா என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் இந்தக் கேள்வியை ஏறக்குறைய ஒவ்வொரு வருடமும் ஏதாவது ஒரு பிள்ளை கேட்டிருக்கிறது. பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள் என்பது எனக்குத் தெரியும், அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் இந்த "பக்கம்" என்ற விஷயத்தை முடித்துவிடலாம். சூரியன் நமக்குச் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. வேலூர் கடல் மட்டத்தில் இருந்து 200 மீட்டர் சொச்சம் உயரம், ஏலகிரி சுமார் 1,100 மீட்டர். வித்தியாசம் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. 15 கோடியில் ஒன்று குறைந்தால் என்ன ஆகிவிடப் போகிறது? இதைவிட நல்ல சாட்சி ஒன்று உண்டு. பூமி சூரியனைச் சுற்றும் பாதை சரியான வட்டம் இல்லை. ஜனவரி முதல் வாரத்தில் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறோம், ஜூலை முதல் வாரத்தில் 15.2 கோடியில். அதாவது மார்கழிக் குளிரில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு டீ குடிக்கும் நாட்களில்தான் நாம் சூரியனுக்கு 50 லட்சம் கிலோமீட்டர் பக்கத்தில் போய் நிற்கிறோம். 50 லட்சமே நம் குளிரைப் போக்கவில்லை என்றால் ஏலகிரியின் 900 மீட்டர் எந்த மூலைக்கு? இதைச் சொன்னால் பிள்ளைகள் முகத்தில் ஒரு மாற்றம் வரும், அங்கேதான் பாடம் தொடங்குகிறது.

சூரிய ஒளி காற்று வழியாக வரும்போது காற்றை அதிகம் சூடாக்குவதில்லை. வருகிற ஒளியில் காற்றும் மேகமும் சேர்ந்து பிடித்து வைத்துக்கொள்வது நாலில் ஒரு பங்குக்கும் குறைவு. ஏறக்குறைய பாதியைத் தரையும் கடலும் வாங்கிக்கொள்கின்றன, மீதி திரும்பிப் போய்விடுகிறது. சூடான தரைதான் தன்னை ஒட்டிய காற்றைச் சூடாக்குகிறது. ஆக நமக்கு அடுப்பு மேலே இல்லை, காலடியில் இருக்கிறது. மே மாத மத்தியானத்தில் பாலாற்று மணலில் செருப்பில்லாமல் நாலு எட்டு வைத்தால் யாருக்கும் இது புரியும். ஒருமுறை கோடை விடுமுறையில் பிள்ளைகளை ஆற்றுக்கு அழைத்துப் போய் ஆய்வக வெப்பமானியை மணலுக்குள் செருகிப் பார்த்தோம், 50 டிகிரியைத் தாண்டிப் போனது. அதே இடத்தில் நெஞ்சு உயரத்தில் குடை நிழலில் பிடித்தபோது 40 சொச்சம்தான். ஐந்தடிக்குள் பத்து டிகிரி வித்தியாசம். உலையில் தண்ணீர் அடியில் சூடாகி மேலே கொதித்து வருகிற மாதிரி, தரையில் சூடான காற்று லேசாகி மேலே எழும்பும், மேலே இருக்கும் காற்று அந்த இடத்துக்கு இறங்கும்.

சரி, சூடான காற்று மேலே போகிறதே, அப்படியானால் மேலே சூடாகத்தானே இருக்க வேண்டும்? நன்றாகப் படிக்கிற பிள்ளை இங்கேதான் நிறுத்திக் கேட்கும், உங்கள் மகளும் கேட்பாள். பதில் அழுத்தத்தில் இருக்கிறது. நம் தலைக்கு மேல் உள்ள காற்றுக்கு எடை உண்டு. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மேல் ஏறக்குறைய ஒரு கிலோ காற்று உட்கார்ந்திருக்கிறது. மேலே போகப் போகச் சுமக்க வேண்டிய காற்று குறையும், அழுத்தமும் குறையும். கடல் மட்டத்தில் 1,013 மில்லிபார் என்றால் வேலூரில் 990-ஐ ஒட்டி, ஏலகிரியில் 890-ஐ ஒட்டி இருக்கும். மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி ஏறும்போது காது அடைப்பதும், கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் தலையணை மாதிரி உப்புவதும் இதனால்தான். தரையில் இருந்து எழும்பும் காற்றும் அந்தப் பாக்கெட் மாதிரியே விரிகிறது. விரிய வேண்டும் என்றால் சுற்றியுள்ள காற்றைத் தள்ள வேண்டும், தள்ளச் சக்தி வேண்டும், அந்தச் சக்தியைத் தன் சூட்டில் இருந்துதான் எடுத்துக்கொள்கிறது. அதனால் குளிர்ந்துவிடுகிறது. சைக்கிள் டயர் வால்வை அழுத்திக் காற்றை இறக்கிவிட்டு அதில் விரலை வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருக்கும். பம்பால் காற்றடிக்கும்போது அதன் அடிப்பக்கம் சூடாகும், அதில் உராய்வுக்கும் பங்கு உண்டு என்றாலும் பெரும்பகுதி காற்றை அமுக்குவதால் வருவது. விரிந்தால் குளிரும், அமுங்கினால் சூடாகும். இந்த ஒரு வரியைப் பாப்பா கெட்டியாகப் பிடித்துக்கொள்ளட்டும், கீழே மூன்று நான்கு இடத்தில் இது வரும்.

ஈரம் திரளாத காற்று ஒரு கிலோமீட்டர் எழும்பினால் ஏறக்குறைய 10 டிகிரி குளிரும். மேகம் உண்டாகும் அளவுக்கு ஈரம் இருந்தால், ஆவி நீராகும்போது வெளிவிடும் சூடு கொஞ்சம் ஈடுகட்டுவதால் அவ்வளவு குளிராது. எல்லாம் சேர்த்துச் சராசரியாகக் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி என்று பாடப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். அது சராசரி மட்டும்தான், ஒவ்வொரு நாளும் அப்படியே இருக்கும் என்று பிள்ளை நினைத்துவிடக் கூடாது. வேலூருக்கும் ஏலகிரிக்கும் 900 மீட்டர் வித்தியாசம் என்றால் ஒரு மத்தியானத்தில் 6 முதல் 9 டிகிரி வரை குறையலாம்.

இன்னொரு கேள்வி மீதி இருக்கிறது, பெரும்பாலான விளக்கங்கள் இதைத் தொடுவதே இல்லை. மலை மேலும் தரை இருக்கிறதே, அதன் மேலும் அதே வெயில் விழுகிறதே, அந்த அடுப்பு ஏன் காற்றைச் சூடாக்கவில்லை? சூடாக்கத்தான் செய்கிறது. ஏலகிரியில் மத்தியானம் ஒரு பாறையைத் தொட்டால் நன்றாகவே சுடும், மெல்லிய காற்றைத் தாண்டி வருவதால் புற ஊதாக் கதிர்கூட அங்கே கொஞ்சம் அதிகம். ஆனால் மலை என்பது காற்றுக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னத் திட்டு. அந்தப் பாறை சூடாக்கிய காற்று அங்கேயே தங்குவதில்லை, பக்கத்தில் அதே உயரத்தில் மிதக்கும் குளிர்ந்த காற்று வந்து கலந்துகொண்டே இருக்கும். கதவெல்லாம் திறந்து கிடக்கும் வீட்டில் ஒற்றை அடுப்பை ஏற்றிவைத்த மாதிரி. இதற்கு ஒப்பிட்டுப் பார்க்கப் பெங்களூரு நல்ல இடம். அதுவும் 900 மீட்டருக்கு மேல்தான், ஆனால் அது திட்டு இல்லை, பரந்த பீடபூமி. அங்கே அடுப்பே பெரியது, அதனால் ஏப்ரலில் பகல் நேரத்தில் 35 டிகிரி வரை போய்விடுகிறது. இரவில் கணக்கு வேறு. உயரத்தில் மேலே இருக்கும் காற்றுப் போர்வை மெல்லியது, நீராவியும் குறைவு, தரை தன் சூட்டைச் சீக்கிரம் வானத்துக்கு விட்டுவிடும்.

உயரம் போகப் போகக் குளிர்ந்துகொண்டே போகுமா என்றால், இல்லை. நம் பகுதியில் 16, 17 கிலோமீட்டர் வரை உள்ள கீழடுக்கில்தான் இந்தக் கதை. அதற்கு மேல் மீள் அடுக்கில் ஓசோன் புற ஊதாக் கதிரைப் பிடித்துக்கொண்டு காற்றை அங்கேயே சூடாக்குகிறது, அதனால் வெப்பநிலை திரும்ப ஏறும். அடுக்குகளின் பெயரைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளட்டும். மழை, மேகம், புயல் என்று நாம் வானிலை என்று சொல்வது ஏறக்குறைய முழுவதும் கீழடுக்கில்தான் நடக்கிறது.

இப்போது வேலூர் வெயில். சூரியன் நம் ஊருக்கு நேர் உச்சியில் வருவது வருடத்தில் இரண்டு முறை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும். அந்த நாட்களில் நண்பகலில் ஒரு குச்சியை நட்டால் நிழல் குச்சியின் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். தவறவிடாமல் பார்க்கச் சொல்லுங்கள். ஏப்ரலில் உச்சியில் இருந்தாலும் வெயில் உச்சத்துக்குப் போவது மே மாதத்தில், ஏனென்றால் தரை சூடேற நிறைய நேரம் பிடிக்கிறது. மத்தியானம் 12 மணியைவிட 2, 3 மணி சூடாக இருப்பதும் இதே காரணத்தால்தான். ஆகஸ்டில் அதே சூரியன் அதே இடத்தில்தான் நிற்கிறது, ஆனால் மேகமும் ஈர மண்ணும் அதன் வேகத்தைக் குறைத்துவிடுகின்றன.

அடுத்தது கடல். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க, ஒரு கிலோ காய்ந்த மண்ணுக்குத் தேவைப்படுவதைப் போல நாலைந்து மடங்கு வெப்பம் வேண்டும். அதனால் பகலில் தரை சீக்கிரம் சூடாகும், கடல் சூடாகாது, தரைக் காற்று எழும்ப, கடல் காற்று அந்த இடத்துக்கு வரும். சென்னைக்கு இது மத்தியானத்திலேயே கிடைத்துவிடும், வெப்பம் அதோடு ஏறுவது நிற்கும். நாம் கடற்கரையில் இருந்து 120 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறோம், அந்தக் காற்று வாலாஜாவைத் தாண்டி வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும், பல நாள் வரவே வராது. அதே சமயம் நம்முடையது பெரும்பாலும் வறண்ட வெயில். வேர்வை உடனே காயும், மண்பானைத் தண்ணீர் நன்றாகக் குளிரும். சென்னைக்காரர்கள் 36 டிகிரியில் புழுங்குவது நமக்கு 40-ல் இருக்காது. உடம்பு உணர்வதும் வெப்பமானி காட்டுவதும் ஒன்றில்லை.

மூன்றாவது காரணம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. மே, ஜூனில் மேற்கில் இருந்து வீசும் காற்று கர்நாடகப் பீடபூமியில் இருந்து நம் பக்கம் இறங்குகிறது. 900 மீட்டரில் இருந்து 200-க்கு இறங்கும் காற்று அமுங்கும், அமுங்கினால் சூடாகும், அதாவது சைக்கிள் பம்பின் கதை. வழியில் வேறு எதுவும் சேராவிட்டாலே இந்த இறக்கத்தில் ஏழு டிகிரி கூடும். ஏலகிரி குளிர்வதும் வேலூர் கொதிப்பதும் ஒரே விதியின் ஏற்றமும் இறக்கமும்! வங்கக் கடலில் புயல் உண்டாகி ஆந்திரா, ஒடிசா பக்கம் போகும்போது நமக்கு மழைக்குப் பதில் அனல் கூடுவதும் இதனால்தான். நம் பாதி உலகத்தில் புயல் இடஞ்சுழியாகச் சுழலும், அதற்குத் தென்மேற்கே இருக்கும் நமக்குக் கடல் காற்று வராது, அது மேற்கில் இருந்து வறண்ட தரைக் காற்றைத்தான் இழுக்கும்.

பாறை மலைகளின் பங்கு என்ன? பாறை பகலில் சூட்டை வாங்கி இரவில் விடுகிறது என்பது உண்மை, கோட்டைக்குக் கிழக்கே மலையடிவாரத்துத் தெருக்களில் குடியிருப்பவர்களுக்கு இரவுப் புழுக்கம் தெரியும். ஆனால் ஊர் வெயிலுக்கே அதுதான் முதல் காரணம் என்பதை நான் வகுப்பில் ஒருபோதும் சொன்னதில்லை. மலை ஒட்டாத சமவெளி ஊர்களிலும், ஆந்திராவின் ராயலசீமையிலும் இதே கோடையில் 40 தாண்டுகிறது. பாறையும் சேர்கிறது, சிமெண்ட் மாடியும் தார் ரோடும் சேர்கின்றன. எது எத்தனை டிகிரி என்று பிரித்துச் சொல்ல வருடக்கணக்கில் பல இடத்தில் அளக்க வேண்டும், கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கத்திரியும் இப்படித்தான். மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28-ஐ ஒட்டி முடிவது பஞ்சாங்கக் கணக்கு, சூரியன் கிருத்திகை நட்சத்திரத்தை ஒட்டி நகரும் நாட்கள். நம் கோடை உச்சத்தோடு அது நன்றாகப் பொருந்துவதால் முன்னோர் கவனித்து வைத்ததை மதிக்கிறேன். ஆனால் அந்தத் தேதியில் வெயில் ஏறி அந்தத் தேதியில் இறங்கும் என்று இல்லை, நடுவில் ஒரு கோடை இடிமழை வந்தால் கத்திரியிலேயே ஊர் குளிர்ந்துவிடும்.

மழைக்கு வருவோம். ஒரு இடத்தில் அழுத்தம் குறைந்தால் சுற்றியுள்ள காற்று அங்கே பாயும். பாய்ந்து வந்து சேர்ந்த காற்றுக்குக் கீழே போக வழியில்லை, மேலேதான் எழும்ப வேண்டும். எழும்பினால் விரியும், விரிந்தால் குளிரும், குளிர்ந்த காற்றில் நீராவி தாங்காது, திரண்டு மேகமாகி மழையாகும். கடல் மேல் நடந்தால் ஈரத்துக்குக் குறைவே இல்லை. தாழ்வு நிலை, தாழ்வு மண்டலம், புயல் என்று பெயர் ஏறுவது காற்றின் வேகத்தை வைத்து. மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால் புயல். மழை அளவை வைத்து அந்தப் பெயர் வைப்பதில்லை. 2021 நவம்பர் 19 அதிகாலை புதுச்சேரிக்கும் சென்னைக்கும் நடுவே கரை ஏறியது வெறும் தாழ்வு மண்டலம்தான், புயல்கூட இல்லை, ஆனால் அந்த நாட்களில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை உங்கள் மகளே சின்ன வயதில் பார்த்திருப்பாள். ஆகவே "புயல் இல்லையாம், பயமில்லை" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், மழை எச்சரிக்கையைத் தனியாகப் பாருங்கள். ஆடி, ஆவணியில் நமக்கு மாலையில் இடியோடு வரும் மழையும் இதே எழும்பல்தான், அதற்குத் தரையின் சூடும் மேற்கில் இருந்து வரும் ஈரமும் போதும். அந்த மழை காட்பாடியில் கொட்டி ஆற்காட்டில் ஒரு தூறல்கூட இல்லாமல் போகும்; எந்தத் தெருவில் விழும் என்று காலையில் சொல்ல யாராலும் முடியாது, அதை வைத்து வானிலைத் துறையைத் திட்டுவது சரியில்லை.

மரம் நட்டால் மழை வரும் என்று பள்ளியில் சொல்லித் தருகிறோம். மரத்தின் நிழலும் இலை விடும் ஈரமும் தெருவைக் குளிர்விக்கும் என்பது நிச்சயம். பெரிய காடுகள் மழைக்கு ஈரம் தருகின்றன என்பதும் உண்மை. நம் தெருவில் பத்து வேம்பு வைத்தால் நம் தெருவில் மழை கூடும் என்று மட்டும் பிள்ளைக்குச் சொல்லிவிடாதீர்கள். நிழலுக்காகவே நடலாம்.

மேலே குளிர், கீழே சூடு என்ற விதியும் தலைகீழாகும் நாள் உண்டு. தை மாதத்தில் வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருக்கும் இரவில் தரை சீக்கிரம் குளிரும், அதை ஒட்டிய காற்று கனமாகிப் பள்ளத்தில் போய்த் தேங்கும். விடியற்காலையில் ஏலகிரி விளிம்பில் நின்று பார்த்தால் வாணியம்பாடிப் பக்கம் புகையும் மூடுபனியும் ஒரு தட்டையான பாயாக விரிந்து கிடக்கும், மேலே ஏறவே ஏறாது, ஏனென்றால் அதற்கு மேல் இருக்கும் காற்று அதைவிடச் சூடு. வெயில் ஏறி அடுப்பு பற்றிக்கொண்டதும் பாய் கலைந்துவிடும்.

பாப்பாவுக்கு ஆர்வம் இருக்கிறது, அதனால் ஒரு சாதாரண வெப்பமானி வாங்கிக் கொடுங்கள். வெயில் படாத, காற்றோட்டமான நிழலில், தரையில் இருந்து நாலைந்தடி உயரத்தில் தொங்கவிட்டுக் காலை 6 மணிக்கும் மத்தியானம் 2 மணிக்கும் எழுதிவைக்கட்டும். மொட்டை மாடி வெயிலில் வைத்து 48 என்று காட்டினால் அது வெப்பமானி வாங்கிய வெயில், காற்றின் வெப்பநிலை இல்லை. செல்போன் காட்டுவது பெரும்பாலும் கணினி மதிப்பீடு, உங்கள் வாசலில் அளந்தது இல்லை. ஒரு நாள் குறித்தால் அது வானிலை, 30 வருடம் குறித்துச் சராசரி போட்டால் காலநிலை. இந்த வித்தியாசத்தை மனப்பாடம் செய்ய வேண்டியதே வராது.

அப்புறம் அடுத்த முறை ஏலகிரி போகும்போது வெப்பமானியை எடுத்துக்கொள்ளுங்கள். பொன்னேரியில் மலையேறுவதற்கு முன் ஒரு முறை, நடு வளைவில் ஒரு முறை, அத்தனாவூரில் ஒரு முறை, மூன்றும் நிழலில். அடிவாரமே 400 மீட்டர் இருக்கும், அதனால் வித்தியாசம் 4 முதல் 7 டிகிரிக்குள் வந்தால் சரியாக அளந்திருக்கிறாள். திரும்பும்போது ஒரு காலி தண்ணீர் பாட்டிலை மேலேயே இறுக மூடி அவள் கையில் கொடுங்கள், வழியில் திறக்க விடாதீர்கள். பொன்னேரிக்கு வந்து சேரும்போது அதன் வயிறு ஒட்டிப்போயிருக்கும். ஏன் என்று அவளே உங்களுக்குச் சொல்லட்டும்.